கட்டிலருகே இருப்பவர்



மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயுற்றோர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருவின் கடமைகளுள் ஒன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றில், அவ்வாறு ஓர் இல்லத்திற்கு ஏழு மாதங்கள் சென்று வந்தோம். குடும்பத் தலைவருக்கு வாயில் புற்றுநோய். ஒவ்வொரு முறையும் அவரருகே அமர்ந்து, வலி எப்படி, உறக்கம் எப்படி என்று வினவினோம், செபித்தோம், ஆசீர் அளித்துப் புறப்பட்டோம். வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைத்து, சுவரோரம் ஒதுங்கி நின்ற அவருடைய மனைவியை நாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

எட்டாம் மாதம் அந்தச் சகோதரி வாசல்வரை வந்து நின்றார். "சாமி, நேத்து ராத்திரி இவரை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கிட்டா தேவலைன்னு நினைச்சுட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. வாசற்படியில் நின்று சொன்னது. பிறருக்கு உதவுமாயின் எழுதலாம் என்று அவரே இசைவு தந்ததால் எழுதுகிறோம்.

மெல்ல விசாரித்தோம். மூன்று இரவுகளாக அவர் கண் மூடவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கணவரின் மருந்துச் செலவை எண்ணித் தம் மாத்திரைகளை வாங்குவதை நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மீன் விற்கப் போவதும் நின்றுபோயிற்று. ஏழு மாதங்களாக ஓர் இல்லத்தில் இரு நோயாளிகள் இருந்தனர். நாம் ஒருவரை மட்டுமே கண்டோம். இக்குறை நம்முடையது.

அச்சகோதரியின் மனத்தில் எழுந்த எண்ணம் அன்பின்மையால் வந்ததன்று. களைப்பின் உச்சியில் வந்தது. புற்றுநோயாளரைப் பேணும் உறவினருள் பலர் உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றால் வருந்துகின்றனர் என்பதையும், சிலரிடம் அத்துயரம் நோயாளியின் துயரத்துக்குக் குறையாதது என்பதையும் மருத்துவ உலகம் இன்று நன்கு அறியும். காரணம் தேட வேண்டியதில்லை. தலைக்கழுத்துப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாள். ஆறு, ஏழு வாரங்கள். செங்கற்பட்டிலிருந்து விடியற்காலை மின்தொடர் வண்டி ஏறிக் கிண்டியில் இறங்கி அடையாறு செல்லும் ஒவ்வொரு நோயாளியோடும் ஒருவர் செல்கிறார். அவருடைய கூலி போகிறது. பிள்ளைகள் அண்டை வீட்டில் உண்கின்றனர். நோயாளியின் காய்ச்சலும் எடையும் மருத்துவமனைக் குறிப்பில் ஏறுகின்றன. உடன் வந்தவருக்கு ஒரு குறிப்பும் இல்லை.

அடையாறு என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் இளம் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயால் துன்புற்று 1923-இல் இறந்ததைக் கண்டவர். அன்று நெஞ்சில் விழுந்த தீ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அணையவில்லை. 1954 சூன் திங்களில் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் நோயாளரை ஏற்கத் தொடங்கியது. மருத்துவம் கற்றவரே உடன்பிறந்தாளைக் காக்க இயலாமல் நின்றார் என்றால், எழுத்தறியா மீனவப் பெண் தன்னால் முடியவில்லையே என்று தன்னைச் சபித்துக்கொள்வதில் என்ன நியாயம்? எல்லாரும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. துயரத்தைத் தனியே சுமக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே நோயாளரைப் பேணுவோருக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, உங்கள் உடலும் ஆண்டவர் தந்த பொறுப்பே. உங்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒருவேளை உணவையேனும் அமர்ந்து உண்ணுங்கள். இறைவாக்கினர் எலியா சோர்ந்துபோய்ச் சாவை வேண்டிப் படுத்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்து, மறுபடியும் உறங்கவிட்டார். களைத்தவருக்கு முதல் மருந்து அதுவே.

இரண்டாவது, வலியைத் தாங்கியே ஆகவேண்டும் என்று எண்ணாதீர்கள். நோயாளி வலியால் துடிக்கும் வீட்டில் எவரும் உறங்க இயலாது. மார்ஃபின் மாத்திரையைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் கொடுத்தால் புற்றுவலிக்கு அது நல்ல மருந்து. வலி தணிப்பதைத் திருச்சபையும் தடுப்பதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையாய்க் கிடப்போருக்கு வலிதணிப்புப் பேணுதலும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே அளிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே காட்டுங்கள். தொலைதூர இரயில் பயணமாயின் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

மூன்றாவது, நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பது. அன்பினால்தான் மறைக்கிறோம். ஆயினும் அவர் பெரும்பாலும் அறிந்தேயிருக்கிறார். நாம் வருந்துவோம் என்று அவரும் மறைக்கிறார். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே அழுகின்றனர். அவர் கேட்கும் அளவுக்கு, தாங்கும் அளவுக்கு, மருத்துவரின் துணையோடு உண்மையைப் பேசுங்கள்.

நான்காவது, மனம் இருண்டு, உயிர் வாழவே விருப்பமில்லை என்ற நிலை வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி, அயலாருக்கு ஒரு வார்த்தை. "ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கூறிப் போவது எளிது. களைத்தவர் எதுவும் கேட்கமாட்டார். "செவ்வாய் இரவு நான் வந்து அமர்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்பதே உதவி. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, யாரோ எங்கோ அதே நோயில் இறந்த கதையைச் சொல்லிப் போகிறவர்கள் பழத்தை மட்டும் அனுப்பினால் நல்லது.

அந்தக் குப்பத்தில் அன்பியக் குடும்பங்கள் ஐந்து ஒன்றுகூடின. வாரத்தில் மூன்று இரவுகள் முறைவைத்துக் காவல் இருந்தன. ஓர் இளைஞன் மருந்து வாங்கி வரும் பொறுப்பை ஏற்றான். முதல் இரவு அச்சகோதரி ஒன்பது மணி நேரம் உறங்கினாராம். விழித்ததும் பயந்து ஓடிவந்தாராம். கணவர் சிரித்துக்கொண்டு, "நல்லா தூங்கினியா?" என்று கேட்டாராம். திருவருகைக் காலத்தில் அவர் இறந்தார். அவ்வேளை மனைவியின் கை அவர் கைக்குள் இருந்தது. "கடைசி ரெண்டு மாசம் அவரோட இருந்தேன் சாமி, அதுக்கு முந்தி அவருக்கு வேலை மட்டும்தான் செஞ்சேன்" என்று பின்னர் அவர் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசையோடு நம்மவர் வருகை நின்றுவிடுவது வழக்கம். பேணியவருக்கு வெறுமை தொடங்குவதே அப்போதுதான். அதன்பின்னும் அவ்வில்லத்தின் வாசலை மிதியுங்கள்.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனை நால்வர் தூக்கி வந்தனர். கூரையைப் பிரித்து ஆண்டவர்முன் இறக்கினர். ஒருவர் மட்டும் தூக்கியிருந்தால் அக்கட்டில் அவ்வீட்டை எட்டியிருக்குமா? உங்கள் தெருவில் இன்று ஒரு கட்டிலை ஒருவரே தூக்கிக்கொண்டிருக்கலாம். இவ்வாரம் அங்கே சென்று, நோயாளியை நலம் விசாரித்தபின் சுவரோரம் நிற்பவரை நோக்கித் திரும்புங்கள். நாமும் அவ்வாறே செய்யக் கற்றுவருகிறோம்.