யாருக்கு வயசாயிடுச்சு?



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை 1998 பத்தாம் வகுப்பு செட் பிள்ளைகள் என்னை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் என்று பழக்கத்தில் சொல்கிறேன், எல்லோருக்கும் 43 நடக்கிறது. "கார்லயே மேல போயிடலாம் சார்" என்றார்கள். நான்தான் வீம்பாகப் படி ஏறினேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஆனாலும் ஏறிவிட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒருத்தன் மட்டும் பாதி வழியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பள்ளியில் கபடி டீமில் முதலில் ரெய்டு போகிறவன் அவன். "அறுபத்தஞ்சு வயசு சாரே ஏறிட்டாரு, உனக்கு என்னடா, வயசாயிடுச்சா?" என்று மேலேயிருந்து கத்தினார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு அவன் போன் செய்தான். "சார், முட்டி ஆறு மாசமா இப்படித்தான். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு பஸ்ல இருந்து இறங்கறதுக்கே கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேணாமான்னு உங்களைக் கேக்கலாம்னு." இதில் கேட்க என்னடா இருக்கு, போ என்றேன். "போயி, அன்ஃபிட்னு எழுதிட்டாங்கன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் 35 வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன். முட்டியில் என்னென்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டத் தெரியும். இந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

அவனைச் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்கிறேன். என் உடம்பு பழைய உடம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது 52 வயதில். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தலைப்பு எழுதக் கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் போகவில்லை. தோள்பட்டை இறுகிவிட்டது, சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வரும் என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து பலகையின் நடுவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சில் இருந்து "சார் மறைக்குது" என்று சத்தம் வந்தது. நகர்ந்து நின்றேன், அவ்வளவுதான். யாரும் எனக்கு அன்ஃபிட் என்று எழுதவில்லை. சம்பளம் குறையவில்லை. கால் வலித்தால் உட்கார நாற்காலி இருந்தது, மே மாதம் லீவு இருந்தது. என் உடம்பு இறங்கியபோது வேலை எனக்காக ஓர் அடி இறங்கி வந்தது. 2019ல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். மறு வருஷமே அரசாங்கம் ஓய்வு வயதை 59 ஆக்கியது, 2021ல் 60 ஆக்கியது. அதாவது 60 வரை வாத்தியார் தாங்குவார் என்பது சர்க்காரின் கணக்கு. ஓசூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற ஆள் தேவை நோட்டீசைப் படித்திருப்பீர்கள். 18 முதல் 28 வயது வரை, பஸ் வசதி உண்டு, சாப்பாடு உண்டு. 29 வயதானவன் எங்கே போவான் என்று எந்த நோட்டீசிலும் போடுவதில்லை.

அவனுக்கு 21 வருஷ சர்வீஸ். சர்வீஸ் என்று சொல்வதே தப்பு. மூன்று கான்ட்ராக்டர் மாறியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்த மாதிரி ஓர் அடையாள அட்டை. வேலை லைனில் நின்றபடி. ஏ, பி, சி என்று ஷிப்ட் சுற்றிச் சுற்றி வரும். ஒரு வாரம் ராத்திரி முழித்திருந்து, அடுத்த வாரம் விடிகாலை எழுந்து, அதற்கடுத்த வாரம் நடு ராத்திரி வீடு திரும்பி. 21 வருஷம்.

இப்போது குழுவில் வந்த வைத்தியங்களுக்கு வருகிறேன். "பிராய்லர் கோழி சாப்பிட்டா இப்படித்தான்." "காலையில் வாக்கிங் போகச் சொல்லுங்க சார்." "எங்க பாட்டி 80 வயசுலயும் தண்ணிக்குடம் தூக்கினாங்க, களி சாப்பிட்ட உடம்பு."

வாக்கிங் சொன்ன தம்பிக்கு: எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஓ.டி. நான்கு மணி நேரம் நின்றுவிட்டு, ராயக்கோட்டைப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் கூட வருகிறேன்.

களி சாப்பிட்ட பாட்டி எனக்கும் இருந்தாள். அவள் பொழுது சாய்ந்தால் படுத்தாள், கோழி கூவினால் எழுந்தாள். சூரியனோடு சேர்ந்து நடக்கிற கடிகாரம் ஒன்று உடம்புக்குள் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும், மறுபடி ஆராய்ந்து 2019லும், இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. பாட்டிக்கு நைட் ஷிப்ட் கிடையாது. இன்னொன்று, 80 வயது வரை இருந்த பாட்டியைத்தான் நாம் கதையாகச் சொல்கிறோம். 45ல் செத்துப்போன பாட்டிக்குக் கதை சொல்ல ஆளில்லை.

அந்தப் பாட்டிகளும் தாத்தாக்களும் எப்படி நடந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது பழைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004ல்தானே. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு. ஊர்ப் பெரியவர்கள் பலர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார்கள், நிமிர முடியாமல் கூனி நடப்பார்கள். "வயசாயிடுச்சு சார்" என்பார்கள். நானும் தலையாட்டினேன். வயதும் இல்லை ஒன்றும் இல்லை, போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் பல்லைப் பிடிக்கும், அளவு கூடக் கூட, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் இருக்கிறது. கர்நாடகா எதிர்ப்பு, ஜப்பான் கடன் எல்லாம் தாண்டி 2013ல் தொடங்கி வைத்தார்கள். அதுவரை எத்தனை தலைமுறை "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லை நம்பிக்கொண்டு கூனிப் போயிற்று? தண்ணீரின் குற்றத்தை வயதின் தலையில் போட்டோம். கிணற்றைத் தோண்டியவனும் கேள்வி கேட்கவில்லை, குழாய் போட்டவனும் கேட்கவில்லை, அறிவியல் வாத்தியாரும் கேட்கவில்லை.

அதே சொல்லைத்தான் ஞாயிற்றுக்கிழமை படியில் உட்கார்ந்தவன் மேல் எறிந்தோம்.

வயது என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. முப்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நாற்பதில் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கும். தமிழில் வெள்ளெழுத்து என்போம், சாளேஸ்வரம் என்றும் சொல்வதுண்டு. நம் பக்கத்துக் கன்னடக்காரர்கள் சாளீஸ் என்பார்கள். இந்தியில் நாற்பது என்று பொருள். பாருங்கள், கண்ணுக்கு நாற்பது வயது ஆவதற்கு மொழியே பெயர் வைத்து, அதற்குக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டது. முட்டிக்கு ஒருவரும் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை.

சட்டம் கொடுத்திருக்கிறது, காகிதத்தில். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44வது பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு, இடையில் கிடைக்கிற நேரத்தில் உட்கார இருக்கை வேண்டும் என்றது. 78 வருஷத்துக்கு முன்னால் எழுதியது! துணிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் 2021ல்தான் சட்டமாக வந்தது. பேக்டரிக்காரனுக்கு அப்போதே இருந்தது. உன் லைனில் ஸ்டூல் இருக்கிறதா என்று அவனைக் கேட்டேன். "சூப்பர்வைசருக்கு இருக்கு சார்" என்றான்.

மணி நேரக் கணக்கைப் பற்றி என் தம்பி மகனோடு எனக்குச் சண்டையே வந்தது. அவன் சிப்காட்டில் சின்ன யூனிட் வைத்திருக்கிறான், நல்ல பையன், இதைப் படிக்கிறான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 2023 பிப்ரவரியில் கர்நாடக சட்டமன்றம் தினசரி வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழி செய்தது. ஏப்ரல் 21ல் நம் சட்டமன்றத்திலும் அதே மாதிரி ஒரு மசோதா, 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. "அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் 12 மணி நேரம்னு இருந்தா, ஆர்டர் எல்லாம் அங்க போயிடும் பெரியப்பா. நாலு நாள் 12 மணி நேரம், மூணு நாள் லீவு, வாரத்துக்கு அதே 48தானே" என்றான். கணக்கு சரி. நான் சொன்னேன், கண்ணு, முட்டி வாரக் கணக்கு பார்க்காது. ஒன்பதாவது மணி நேரத்தில் முட்டிக்கு என்ன ஆகிறதோ அதை மூன்று நாள் லீவு திருப்பித் தராது. அந்த மூன்று நாளும் அவன் லீவில் இருப்பானா, இல்லை பக்கத்து கம்பெனியில் ஓ.டி. பார்ப்பானா என்பது உனக்கும் தெரியும். ஜூஜூவாடியில் ஒரு செக்போஸ்ட் இருந்த இடத்தைத் தாண்டினால் மனுஷ உடம்பின் எலும்பு மாறிவிடுமா?

அந்த மசோதாவை மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே 1ல் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நல்லது. இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியது 1923 மே 1ல். அதன் நூறாவது வருஷத்தில்தான் நமக்கு 12 மணி நேர மசோதா வந்தது. அன்று சிங்காரவேலருக்கு வயது 63. யாரும் அவரை "வயசாயிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு வருஷம் ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்று இருக்கிறது. நல்ல விஷயம் என்று நான்தான் குழுவில் முதலில் பகிர்ந்தேன். இப்போது அவன் கேள்வி காதில் ஒலிக்கிறது. பரிசோதனையில் முட்டி தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து என்ன? உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றுவார்களா, கேட்டுக்கு வெளியே அனுப்புவார்களா? சீட்டில் வருகிற ரிசல்ட் அவனுக்கு மருந்தாகப் போகிறதா, அவனைக் கழித்துவிடுகிற சல்லடையாகப் போகிறதா? இதைக் கேட்காமல் இலவசப் பரிசோதனையைக் கொண்டாடியது என் அவசர புத்தி.

ஈ.எஸ்.ஐ.யில் நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. அந்தப் பணம் வாங்குகிற காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948 சட்டத்தின் 73வது பிரிவு சொல்லியது. அவனிடம் படித்துக் காட்டினேன். "நீக்க எல்லாம் மாட்டாங்க சார். திங்கக்கிழமை பஸ் லிஸ்ட்ல பேரு இருக்காது, அவ்ளோதான்" என்றான்.

உண்மையில் என் குற்றம் இதைவிடப் பழையது. உங்களில் பலரை 18 வயதில் நானே அழைத்துப் போய் கேட்டில் நிறுத்தியிருக்கிறேன். 1980களில் மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் இந்த ஊரிலிருந்து புறப்பட்டபோது, மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது சாமி கொடுத்த வரம். நிரந்தர வேலை, யூனியன், கேன்டீன், பி.எஃப். அந்தத் தலைமுறை வீடு கட்டியது, பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கியது. அதைப் பார்த்துவிட்டு, அதே வாசல் என்று நினைத்து உங்களை அனுப்பினேன். வாசல் அதேதான், உள்ளே போகிற அட்டை மாறிவிட்டது. டபுள் ஓ.டி. பார்த்தவனைப் பள்ளி விழாவில் மேடையேற்றி "இவனைப் போல உழைக்கணும்" என்று பேசியவனும் நான்தான். மைக்கில் பேசும்போது மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவனை வருகிற புதன்கிழமை எலும்பு டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். எக்ஸ்ரேயும் சீட்டும் முதலில் நம் கையில் இருக்கட்டும், கம்பெனிக்கு என்ன காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். 2001 செட்டில் லேபர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் பேசிவிட்டேன். நாற்பது தாண்டிய மற்றவர்களும், ராத்திரி போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டாம், பகலிலேயே கேளுங்கள். தம்பி மகனே, உன் யூனிட்டில் லைன் பக்கத்தில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று எண்ணி எனக்குச் சொல். கோபத்தில் கேட்கவில்லை, பெரியப்பாவாகக் கேட்கிறேன்.

மலைப்படி வீடியோ இன்னும் குழுவில் கிடக்கிறது. போட்டவர் யாரோ, இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடவும். கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பதினேழு பேர். நேற்று வரை அது பதினெட்டு.