சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்

  

திருக்கடையூருக்கு வண்டிகள் புதிதல்ல. மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் நாள்தோறும் வேன்களும் கார்களும் வந்து நிற்கும் ஊர் இது. அவற்றில் சிலவற்றை ஓட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். அப்படி வேன் ஓட்டும் ஒரு தம்பி, ஜும்ஆ முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், நாமளும் ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி, நானே காஸாவுக்கு ஓட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வரக் கூடாதா?"

சிரித்துவிட்டுப் போகக் கூடிய கேள்வியா இது? போயிருக்கிறார்களே!

2009 பிப்ரவரி 14 அன்று லண்டனிலிருந்து 'விவா பாலஸ்தீனா' வண்டித் தொடர் புறப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் காலவே தலைமை தாங்கினார். நூறு வண்டிகளுக்கு மேல். ஆம்புலன்ஸ்கள், லாரிகள், ஒரு தீயணைப்பு வண்டி கூட உண்டு. பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்து என்று சுற்றி மார்ச் 9 அன்று காஸாவுக்குள் நுழைந்தார்கள். 1994 முதல் மூடிக் கிடந்த மொராக்கோ–அல்ஜீரியா எல்லை இவர்களுக்காகத் திறந்தது. சகோதர நாடுகள் இரண்டு தமக்குள் அடைத்துக்கொண்ட கதவை, பழைய வண்டிகள் வந்து திறக்க வேண்டியிருந்தது! ஓட்டி வந்தவர்கள் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

நம் நாட்டிலிருந்தும் போனார்கள். 2010 டிசம்பரில் டெல்லி ராஜ்காட்டிலிருந்து ஆசியப் பயணக் குழு ஒன்று கிளம்பியது. எல்லாச் சமயத்தாரும் அதில் இருந்தனர். சிரியாவின் லதாக்கியா துறைமுகத்தில் பொருள்கள் கப்பல் ஏறி எகிப்தின் அல் அரீஷில் இறங்கின. 2011 ஜனவரித் தொடக்கத்தில் குழு காஸாவை அடைந்தது. அதற்கும் முன்னால், 1938இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்காக மக்களிடம் 22,000 ரூபாய் திரட்டி, ஐந்து மருத்துவர்களையும் ஓர் ஆம்புலன்ஸையும் அனுப்பினார்கள். அவர்களில் சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் திரும்பவே இல்லை. 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே இறந்தார்.

சரி, ஆபத்து? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2009இல் லண்டன் தொடர் கிளம்புவதற்கு முதல் நாள், அதில் சேர வந்துகொண்டிருந்த ஒன்பது பேரை பயங்கரவாதச் சட்டத்தில் போலீஸ் பிடித்தது. ஒருவர் மீதும் குற்றம் சாட்ட முடியாமல் விட்டுவிட்டது. அதே லண்டனில் 2024இல், கழித்துக்கட்ட வேண்டிய பழைய வண்டிகளை உக்ரைனுக்குக் கொடுக்க மாநகர நிர்வாகமே வழிசெய்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரே செயலுக்கு இரண்டு பெயர் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. அதை நாம்தான் பேசியாக வேண்டும். ஆலன் ஹென்னிங் என்ற இங்கிலாந்து டாக்ஸி ஓட்டுநர், முஸ்லிம் அல்லாதவர். முஸ்லிம் நண்பர்களோடு சேர்ந்து சிரியாவுக்கு உதவி வண்டி ஓட்டிப் போனார். 2013 டிசம்பர் 26, எல்லையைத் தாண்டிய சற்று நேரத்தில் பிடிபட்டார். பிரிட்டனின் இமாம்களும் சமுதாயத் தலைவர்களும் அவரை விடுவிக்கும்படி மன்றாடினார்கள். ஐ.எஸ். கூட்டம் அவரைக் கொன்று, அந்தக் காட்சியை 2014 அக்டோபர் 3 அன்று வெளியிட்டது. அன்று ஹாஜிகள் அரஃபாவில் நின்று அழுதுகொண்டிருந்த நாள்! நம் குழந்தைகளுக்கு மருந்து கொண்டு வந்தவனின் கழுத்தை அறுத்தவன் நம்மவன் அல்லன். இதை மிம்பரில் உரக்கச் சொல்லத் தயங்கிய ஆலிம்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தம்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: பாதை இல்லையப்பா. 2024 மே மாதம் ரஃபா வாசலை இஸ்ரேலியப் படை கைப்பற்றியபோது, எகிப்துப் பக்கம் உதவி லாரிகளே வரிசையில் நின்று வெயிலில் காய்ந்தன. நம் அட்டாரி எல்லைச் சாவடியை 2025 ஏப்ரலில் மூடினார்கள். அப்படியிருக்க, "நான் அழைத்துப் போகிறேன்" என்று செல்போனில் வருகிறவனை நம்பாதே. அவன் உன்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று உன் உம்மாவுக்குத் தெரியாது. கடைக்காரர்களே, உங்களுக்கும்தான்: ரசீது இல்லாமல், உண்டியல் வழியாக ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். சட்டம் அனுமதித்த அமைப்பின் வங்கிக் கணக்கில் போடுங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். 1938இல் மக்கள் கொடுத்த பணம் ஆம்புலன்ஸாகக் கண்முன் நின்றது.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் என்ன செய்யறது ஹஜ்ரத்?" என்றார். நம் ஜமாஅத் ஆம்புலன்ஸுக்கு இரவு ஓட்டுநர் இல்லை என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை, கோயிலுக்கு வந்தவரா பள்ளிக்கு வந்தவரா என்று கேட்காமல் அள்ளிப் போகும் வண்டி அது.

இப்போது வாரத்தில் இரண்டு இரவு அவர்தான் ஓட்டுகிறார். பின் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன என்று நேற்று வந்து சொன்னார். வரவு செலவுக் கணக்கு பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. வணிகர்கள் வந்து பார்க்கலாம்.