டோர்ச் அடிச்சுப் பார்க்க ரெண்டு நிமிசம்

தோட்டத்து மக்களுக்கு வாய்ப்புற்றுநோய் ஏன் கூடுதலாக வருகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் ரெடியாக இருக்கிறது: "அவங்கட வெத்திலை போடுற பழக்கம்." கருத்தரங்கில் சொல்கிறார்கள், பேப்பரில் எழுதுகிறார்கள், எங்கட கம்பஸ் கன்டீனிலயும் இதைத்தான் சொல்கிறார்கள். பதில் பிழை இல்லை. அந்தப் பதிலோட கதையை முடிச்சுப்போட்டு எழும்பிப் போறதுதான் பிழை. 'பழக்கம்' என்ற ஒரு சொல் நோயைத் தூக்கி நோயாளியின் தலையிலேயே கட்டிவிட்டு, தோட்டக் கம்பனி, சுகாதாரத் திணைக்களம், தொழிற்சங்கம் எல்லாரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நாங்கள் சண்டைக்கு வாறது இந்த இடத்தில்தான்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அது ஒரு இரவில் வந்து நிற்பதில்லை. பெரும்பாலும் வருசக்கணக்காக அறிவித்துக்கொண்டே வருகிறது. கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில், சுரண்டினாலும் போகாத ஒரு வெள்ளைப் படை. அல்லது வெல்வெட் மாதிரி ஒரு சிவப்புத் திட்டு. இரண்டில் சிவப்புத்தான் கூட ஆபத்து. சோதித்துப் பார்க்கும்போது அதில் பெரும்பகுதி ஏற்கனவே புற்றுநோயாகவோ அதன் வாசலிலோ நிற்கும். வெள்ளைப் படைகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை, சில மாறும். எது மாறும் என்பதை வெறும் கண்ணால் சொல்ல ஏலாது. அதனால்தான் சின்னத் துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்கிறார்கள், பிறகும் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. எங்கட ஊர்களில் இதைத்தான் முதலில் கவனிக்க வேணும். உறைப்பு ஏலாமல் போகும். நேற்று வரைக்கும் கொச்சிக்காய்ச் சம்பல் தின்ற மனுசிக்கு இன்றைக்கு சாதாரணக் கறியே வாயை எரிக்கும். பிறகு கன்னத்தின் உள்தோல் வெளிறி, நார் நாராக இறுகி, வாய் திறக்கிற அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரலை நிமிர்த்தி வைக்கிற வாய்க்குள் இரண்டு போகாது, பிறகு ஒன்றும் போகாது. இப்படி இறுகின தோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதற்குக் காரணம் புகையிலை இல்லை, பாக்கு. "நான் பொயிலை போடுறதில்ல தம்பி, வெறும் வெத்திலை பாக்குத்தான்" என்று சொல்லாத ஆளை நாங்கள் இன்னும் காணவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. இருபது வருசம் கழிந்தும் எங்கட சுவரொட்டிகளில் சிகரெட்டும் சாராயப் போத்தலும்தான். பாக்கு மங்கலப் பொருளாகத் தட்டத்திலேயே இருக்கிறது.

இனி அந்த வெள்ளைப் படை வந்த ஆள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று பார்ப்போம். அறியாமை என்பார்கள். முதற்காரணம் மிக எளிது: அது நோகாது. நோகாத ஒன்றுக்காக ஒரு நாள் பேர் விழாமல் இருக்க எந்தத் தொழிலாளிக்கு ஏலும்? கொழுந்து குறைஞ்சாலே அரைப்பேர் போடுகிற இடத்தில், டவுனுக்கு பஸ் ஏறி, பல் கிளினிக்கில் வரிசையில் நின்று, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கி, இன்னொரு நாள் போய், ரிசல்ட் எடுக்க மூன்றாம் நாளும் போக வேணும். மூன்று நாட்சம்பளம், மூன்று பஸ் காசு. எழுதித் தருகிற துண்டு சிங்களத்தில். இதெல்லாம் நோகாத ஒரு வெள்ளைப் புள்ளிக்காக. நாங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் போகமாட்டோம்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விசயமும் இல்லை. 1984இல் வெளியான ஒரு ஆய்வு உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது இலங்கையில்தான் நடந்தது. 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஒரு வருசத்தில் 28,000க்கும் மேற்பட்ட ஆட்களின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகமானவற்றை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் அரைவாசிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆட்கள்தான் போனார்கள். அப்படியென்றால் ஓட்டை எங்கே? பார்க்கிற கண்ணில் இல்லை. வாய் பார்த்த இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான ரோட்டில். அந்த ரோட்டை நாற்பது வருசமாகச் சரி செய்யாமல், ரோட்டோரத்தில் மட்டும் "வெற்றிலையைத் தவிர்ப்போம்" என்று போர்டு நடுகிறோம்.

வெற்றிலையை விடச் சொல்ல வேண்டாமா? சொல்ல வேணும். ஆனால் அது அந்த வாயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேணும். குளிரில், மழையில், மத்தியானம் வரைக்கும் வயிறு கத்தாமல் மலையில் நிற்க வைக்கிறது அது. பாக்கு உடம்பைச் சூடாக்கும், பசியை அடக்கும், விட்டால் தலை இடிக்கும். சாதாரண ருசி இல்லை, அடிமைப்படுத்துகிற பொருள். சிகரெட்டை விடுகிறவனுக்கு ஆலோசனை இருக்கிறது, மருந்து இருக்கிறது. பாக்கை விடுகிற கிழவிக்கு ஏச்சு மட்டும்தான் இருக்கிறது.

இதை மலையகத்துப் பிரச்சினையாக ஒதுக்கி வைக்கிற வடக்கு நண்பர்களுக்கும் ஒரு சொல். திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறின யாழ்ப்பாணப் புகையிலையில் கல்வீடு கட்டின பரம்பரை நாங்கள். மற்றவன்ட வாயைப் பற்றி கதைக்கும்போது கொஞ்சம் அடக்கமாகக் கதைக்கலாம். இளசுகளின் பக்கம் வந்தால் ஓட்டோ ஸ்டாண்டிலும் பஸ்ஸிலும் பாபுல், மாவா. புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் விற்பனை 2016 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் எந்தக் கடையில் கேட்டால் கிடைக்கும் என்பது பாடசாலைப் பெடியனுக்கே தெரியும்.

நாங்கள் கேட்பது பெரிய மெசின் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், வேலை நேரத்துக்குள், வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு வாயையும் டோர்ச் அடிச்சுப் பார்க்க வேணும். ஆளுக்கு ரெண்டு நிமிசம் போதும். சந்தேகம் என்று அனுப்புகிற ஒவ்வொரு நாளுக்கும் முழுப் பேர் விழ வேணும், போகவர வாகனம் தோட்டம் தர வேணும், துண்டு தமிழில் இருக்க வேணும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு வருசாவருசம் போய் வருகிற சங்கத் தலைவர்மாரிடம் கேட்கிறோம்: அந்த மேசையில் இதை ஒரு தரமாவது எடுத்து வைத்தீர்களா?