தாத்தாவின் ரேடியோவும் என் பத்து மார்க்கும்



"ரேடியோவா? அதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பை நிறுத்தியது என் தாத்தாதான்.

மணப்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரவு 9.15 ஆனால் தாத்தா ரேடியோவைத் திருப்புவார். 'கிர்ர்...' என்ற இரைச்சலுக்கு நடுவே லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை வரும். குரல் ஏறும், இறங்கும், மங்கும். "காத்து அடிச்சா சத்தம் ஆடுது பாரு" என்பார். ஆட்டியது காற்றல்ல, வானத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் என்று பின்னால் படித்தேன். சிற்றலை அதில் பட்டுத் திரும்பித்தான் கடல் கடந்து வருகிறது. ஏரியல் கம்பியை முருங்கை மரத்தில் கட்டுவது என் வேலை. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு தமிழோசை வானொலி நின்றது. அப்போது எனக்குப் பத்து வயது. தாத்தா ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

பிறகு நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். "எம் பேரன் ரேடியோ படிப்பு படிக்கிறான்" என்று தாத்தா டீக்கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வருகிறது, பாகூர்ப் பக்கம் ஊருக்குள் புகுகிறது என்று பேச்சு. எதுவரை வரும்? யாருக்கும் தெரியவில்லை. தாத்தா பரணிலிருந்து ரேடியோவை இறக்கச் சொன்னார். புது பேட்டரி போட்டோம். சத்தமே இல்லை.

"நீதான் ரேடியோ படிக்கிறியே, என்னான்னு பாருடா."

திறந்து பார்த்தேன். சூப்பர் ஹெட்டரோடைன் ரிசீவருக்குப் பிளாக் டயகிராம் போட்டுப் பத்துக்குப் பத்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்தப் பலகையில் எது மிக்சர், எது ஐ.எஃப். என்று எனக்குத் தெரியவில்லை! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, மூடி வை" என்றார். அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்ததும் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் எட்டாவது வரை படித்தவர். ஃபெரைட் ராடில் முடி போன்ற கம்பி அறுந்திருப்பதைக் காட்டி, பத்தே நிமிடத்தில் பற்ற வைத்தார். கூச்சத்தை விட்டு, "எனக்கும் கத்துக் குடுங்கண்ணே" என்றேன். ஞாயிறுதோறும் போனேன்.

நண்பர்களே, நம் லேபில் என்ன செய்கிறோம்? ஒயரிங் செய்து வைத்த கிட்டில் ரீடிங் எடுக்கிறோம். அதையும் பக்கத்துப் பையனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறோம். குற்றம் யாருடையது? ஆசிரியரை நான் சொல்லமாட்டேன், என்னைத்தான் சொல்வேன்.

நம் நாட்டு வானொலியே ஆர்வலர்களின் கைவேலையில் தொடங்கியதுதான். ஆல் இந்தியா ரேடியோ வருமுன்பே, 1924 ஜூலை 31-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் வெறும் 40 வாட்டில் ஒலிபரப்பியது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, அந்தமானில் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் குழுவினர், போன் தொடர்பு அறுந்த தீவிலிருந்து மக்களின் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். இது பொழுதுபோக்கு மட்டுமா?

எனவே என் கருத்து இதுதான். டிப்ளமோ முடிக்குமுன் நாம் ஒவ்வொருவரும் ஒரு ரேடியோவையாவது சொந்தக் கையால் செய்ய வேண்டும். நம் மாணவர் பேரவை ஒரு ஹாம் கிளப் தொடங்க வேண்டும். லைசென்ஸ் தேர்வுக்கு 12 வயது நிறைந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. கேட்கும் பாடங்களில் பல நாம் படிப்பவைதான். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரில் கை வைக்காதீர்கள், அது குற்றம். "இதனால வேலை கெடைக்குமா?" என்று கேட்பீர்கள். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனை எந்தக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லும்?

கடைசியாக ஒன்று. போன மாதம் தாத்தாவின் மாத்திரை டப்பாவில் காயில் சுற்றி, மெக்கானிக் அண்ணன் கொடுத்த பழைய கேங் கண்டென்சரும் ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் வைத்துச் சிற்றலை ரிசீவர் செய்தேன். இரவு 9.15-க்கு இயர்போனைத் தாத்தா காதில் வைத்தேன்.

"என்ன பாஷைடா இது?"

"தெரியல தாத்தா."

"எதுவா இருந்தா என்ன... நீ பண்ணதுல வருதுல்ல!"

பத்து மார்க் வாங்கிய அன்றுகூட எனக்கு இந்தச் சந்தோஷம் இல்லை.

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை