மூடும்போது கேட்டால் கிடைக்காது

மறைமலை நகர் ஃபோர்டு ஆலைக்கு மறுபடியும் உயிர் வரப்போகிறது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசுடன் அந்நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலீடு 3,250 கோடி ரூபாய். 2029 முதல் எஞ்சின் உற்பத்தி. 600 பேருக்கு மேல் வேலை என்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால், இதே ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் சுமார் 2,600 பேர்.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. இங்கே தயாரான எக்கோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கே கப்பலேறியவை. செய்தவர்களின் கைத்திறனில் குறையில்லை. கணக்கு மட்டும் வேறெங்கோ போடப்பட்டது. நியாயமான செட்டில்மென்ட் கேட்டு 2022 மே, ஜூனில் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

பர்மனென்ட் தொழிலாளிக்காவது சங்கம் இருந்தது, பேச்சுவார்த்தை மேசை இருந்தது. கான்ட்ராக்டில் வந்தவருக்கு? ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய வேன்காரருக்கு? அருகிலுள்ள சிங்கப்பெருமாள்கோவிலில் கடன் வாங்கி மாடி எடுத்து, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டவருக்கு? முதலீடு ஒரே அறிவிப்பில் நாடு மாறும். வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அப்படி மாறாது.

வரப்போகும் எஞ்சின்களும் ஏற்றுமதிக்கே. வெளிச்சந்தையை நம்பிய வேலை எவ்வளவு நிச்சயமற்றது என்பதை 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது விதித்த 50 சதவீத வரி, பின்னலாடை ஏற்றுமதியை நம்பிய திருப்பூருக்குக் காட்டியது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்போ, ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. பெரிய ஆலையை அண்டிப் பிழைக்கும் சிறிய உதிரிபாகக் கம்பெனிகளின் தொழிலாளிக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் இதனால் போகிறது.

தமிழ்நாடு அரசு ஒப்பந்த விவரங்களை மக்கள் முன் வைக்க வேண்டும். முன்பு வேலையிழந்தவர்களுக்கு முன்னுரிமை, கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் இழப்பீடு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கிக்கு உத்தரவாதம் ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்க வேண்டும். நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் பேசப்படும் அதே மேசையில் இவையும் பேசப்படட்டும். முதலீட்டாளருக்கு அரசின் தயவு தேவைப்படுவது ஆலை திறக்கும் வரைதான். பேரம் பேச வேண்டிய நேரம் இதுவே.