மாளிகையும் மன்னர் விருந்தும்

பிரான்சு தேசத்தைப் பார்க்கச் செல்வோருட் பலர் பாரிஸ் நகரத்தோடு தம் பயணத்தை முடித்துக்கொள்கின்றனர். ஐபெல் கோபுரமும் லூவர் நூதனசாலையும் காணத்தக்கனவே, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நாட்டின் இயல்பை உள்ளபடி உணர விரும்புவோர் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, நாட்டுப்புறத்திலே நிற்கும் பழைய மாளிகை. மற்றொன்று, உணவு மேசை. இவ்விரண்டும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும். இந்த வாரம் அவ்வரலாற்றின் வழியே ஒரு சிற்றுலாச் சென்று வருவோம்.

பிரெஞ்சு மொழியில் 'ஷாத்தோ' என்னும் சொல் போர்க் கோட்டையையும் குறிக்கும்; இன்ப மாளிகையையும் குறிக்கும். இதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயருடன் நடந்த நூறாண்டுப் போர் 1453ஆம் ஆண்டில் முடிவுற்றது. பீரங்கியின் முன் பழைய மதில்கள் பயனற்றுப் போயின. எனவே அரசரும் பிரபுக்களும் அம்பெய்யும் துளைகளை அடைத்துவிட்டு அகன்ற சாளரங்களை அமைத்தனர்; அகழியை அழகுக்காக வைத்துக்கொண்டனர். கோட்டை இவ்வாறே மாளிகையாயிற்று.

அத்தகைய மாளிகைகள் செறிந்து விளங்குவது லுவார் நதிப் பள்ளத்தாக்கிலேயாகும். ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் நீளமுடைய லுவார், பிரான்சின் மிக நீண்ட நதி. அதன் கரையிலுள்ள அம்புவாஸ் மாளிகையில், 1498இல் எட்டாம் சார்ள்ஸ் மன்னன் தாழ்ந்த வாயில் நிலையிலே தலை மோதுண்டு உயிர் துறந்தான். அதே ஊருக்கு 1516இல் முதலாம் பிரான்சுவா மன்னனின் அழைப்பை ஏற்று வந்து சேர்ந்தார் ஓவியர் லெயனார்டோ டா வின்சி. அவர் 1519 மே 2ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவ்வாண்டிலேயே ஷம்போர் மாளிகையின் வேலை தொடங்கியது. நானூற்றுக்கு மேற்பட்ட அறைகளும் 282 கணப்படுப்புகளும் கொண்ட பெருமாளிகை அது. அதன் நடுவே ஒன்றையொன்று சுற்றி மேலேறும் இரட்டைப் படிக்கட்டு அமைந்துள்ளது. ஒருவர் ஏறும்போது மற்றொருவர் இறங்கினால், இருவரும் சாளரத்தூடே ஒருவரையொருவர் காணலாமேயன்றி வழியிற் சந்திக்கமாட்டார்கள். லெயனார்டோவின் எண்ணமே அதற்கு வித்தாயிற்று என்று கருதுவோர் பலர். இத்தனை பெரிய மாளிகையில் மன்னன் தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினாலும் சில வாரங்களே தேறும். அவன் வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் யாவும் வண்டிகளில் வரும். அவன் போனதும் அவையும் போய்விடும். வெறுமையாய்க் கிடப்பதற்கென்றே கட்டப்பட்ட வீடு எனின் மிகையாகாது.

ஷெனொன்சோ மாளிகையின் கதை வேறு. ஷேர் என்னும் ஆற்றின் குறுக்கே பாலம் போல நிற்கும் அதைப் பெண்களின் மாளிகை என்பர். இரண்டாம் ஹென்றி மன்னன் 1547இல் அதனைத் தன் காதலி டியான் த புவாத்தியேக்கு அளித்தான். ஆற்றுக்குப் பாலம் அமைத்தவள் அவளே. 1559இல் மன்னன் இறந்தான். உடனே அரசி கத்தரீன் த மெடிசி, ஷோமோன் மாளிகையை அவளுக்குக் கொடுத்து ஷெனொன்சோவைத் தான் பெற்றுக்கொண்டாள். பின்னர் அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீற்றர் நீளமான மண்டபமொன்றை எழுப்பினாள். களியாட்டத்துக்கென எழுந்த அந்த மண்டபம் முதலாம் உலகப் போரிலே போர்க்கள வைத்தியசாலையாயிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காயமுற்ற வீரர் அங்கே சிகிச்சை பெற்றனர். இரண்டாம் உலகப் போரில், 1940 முதல் 1942 வரை, ஷேர் ஆறே ஜேர்மனியர் பிடித்த பகுதிக்கும் பிடியாத பகுதிக்கும் எல்லையாக இருந்தது. முன் வாயில் ஒரு பகுதியிலும் மண்டபத்தின் பின் கதவு மறு பகுதியிலும் திறந்தன. அந்தக் கதவின் வழியே தப்பிச் சென்றோர் உளர்.

ஷெனொன்சோவிற்குச் செல்வோர் மண்டபத்தைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடலாகாது; கீழே இறங்கிச் சமையற்கூடத்தையும் பார்த்தல் வேண்டும். பாலத்தைத் தாங்கும் கற்றூண்களின் வயிற்றினுள்ளே அது அமைந்துள்ளது. பெரிய அடுப்பும் பாண் சுடும் போறணையும் செப்புப் பாத்திரங்களும் வரிசையாக உள. சமையலுக்கு வேண்டிய பொருள்கள் ஓடத்திலே வந்து அங்கேயே இறங்கும். மேலே இசையும் நடனமும். கீழே புகையும் வியர்வையும். மாளிகை வாழ்வின் முழு உருவம் இவ்விரண்டையும் சேர்த்துக் கண்டாலன்றிப் புலனாகாது.

நம் வீடுகளிற் சமையலறையைக் 'குசினி' என்கிறோம். அச்சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. பிரெஞ்சுக்காரரின் 'குயிசீன்' என்னும் சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. நாம் உண்ணும் 'பாணு'க்கும் அவர்களுடைய பாணுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. மொழிகளின் உறவு முறையை அறிய விரும்பும் மாணவர்கள் குசினியிலிருந்தே தொடங்கலாம்.

இனி விருந்துக்கு வருவோம். இன்று நாம் அறிந்த பிரெஞ்சு விருந்திலே உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனால் பழைய அரச விருந்தில் அப்படியன்று. பல பண்டங்களை ஒரே வேளையில் மேசை முழுவதும் அணிவகுத்து வைப்பர். அவற்றை எடுத்துவிட்டு அடுத்த அணியைக் கொணர்வர். தொலைவிலுள்ள தட்டு கைக்கு எட்டாது. எட்டும் வேளையிலோ அது ஆறிப்போயிருக்கும். ஒவ்வொன்றாகச் சூட்டோடு பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரவியது. அதனை 'இரஷ்ய முறை' என்றே அழைத்தனர்.

அக்காலத்து விருந்துகளுள் புகழ்பெற்றது, 1661 ஓகஸ்ட் 17ஆம் நாள் நிதி அதிகாரி நிக்கொலா ஃபூக்கே நடத்திய விருந்து. பாரிசுக்குத் தென்கிழக்கேயுள்ள வோ-லெ-விக்கோம்த் என்னும் தமது புது மாளிகைக்கு அவர் இளம் மன்னனாகிய பதினான்காம் லூயியை அழைத்தார். மோலியேர் புதிய நாடகமொன்றை அங்கே அரங்கேற்றினார். வாணவேடிக்கை வானத்தை நிறைத்தது. மூன்று வாரத்துக்குள், செப்டெம்பர் 5ஆம் நாள், நாந்த் நகரில் ஃபூக்கே சிறைப்பட்டார். அவரைக் கைதுசெய்தவர் நாவல் வாசகர் நன்கறிந்த தார்த்தஞ்ஞான். விருந்தின் ஆடம்பரம் மன்னனுடைய சினத்தைத் தூண்டியதென்பர். ஆனால் அவரை வீழ்த்தும் முடிவு விருந்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதென வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். நீதிமன்றம் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. மன்னன் அதனை ஆயுட் சிறையாக மாற்றினான். 1680இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மாளிகையைக் கட்டியவரும், தீட்டியவரும், தோட்டம் அமைத்தவருமாகிய லெ வோ, லெ புரூன், லெ நோத்ர் மூவரும் பின்னர் மன்னனுக்காக வேர்சாய் அரண்மனையில் வேலை செய்தனர்.

ஃபூக்கேயின் இல்லத்திலே விருந்துகளை மேற்பார்வை செய்தவர் வத்தேல் என்பவர். பின்னர் அவர் ஷாந்தியி மாளிகையில் கொந்தே இளவரசரிடம் பணியாற்றினார். 1671 ஏப்ரிலில் மன்னனும் அரசவையும் அங்கே விருந்தினராக வந்தனர். எதிர்பார்த்ததிலும் அதிகமானோர் வந்தமையால் முதல்நாள் இரவு இரண்டொரு மேசைகளுக்கு வாட்டிய இறைச்சி போதவில்லை. வாணவேடிக்கையைப் பனிமூட்டம் கெடுத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கத்தோலிக்க வழக்கப்படி மீனுணவு வேண்டும். வத்தேல் பல துறைமுகங்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு சுமை மீன் மாத்திரமே வந்தது. 'இவ்வளவுதானா?' என வினவினார். 'ஆம்' என்றான் கொணர்ந்தவன். பல இரவுகள் உறக்கமின்றி உழைத்திருந்த அம்மனிதர் அவமானத்துக்கு அஞ்சித் தம் அறையிலே வாளினால் உயிரை மாய்த்துக்கொண்டார். சற்று நேரத்தில் நாலா திசையிலிருந்தும் மீன் வந்து குவிந்தது. இச்செய்தியை மதாம் த செவிஞே தம் மகளுக்கு எழுதிய கடிதங்களால் உலகம் அறிந்தது.

கடமையின் சிகரமென இதனைப் புகழ்ந்தோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விருந்து அன்று நிற்கவில்லை. வேறொருவர் பொறுப்பேற்றார், விருந்தினர் உண்டனர், வேட்டையாடினர், உலாவினர். ஒரு மேசையின் குறைவை ஒரு மனிதனின் உயிரினும் பெரிதாக எண்ணச் செய்த அந்த ஏற்பாடு எத்துணைக் கொடியது! அவரை ஒருவர் தட்டியெழுப்பி, 'சற்றுப் பொறும். மீன் வரும்' என்று சொல்லியிருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கக்கூடும்.

1789இல் தொடங்கிய புரட்சி அந்த ஏற்பாட்டை ஆட்டியது. பிரபுக்கள் வீழ்ந்தனர், வேலையிழந்த அவர்களுடைய சமையற்காரர் பலர் பாரிசிலே உணவுச்சாலை நடத்தலாயினர். 'ரெஸ்தோரான்' என்பது முதலில் உடலுக்குத் தெம்பூட்டும் சாற்றுக்கே பெயர். அது விற்கும் கடை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்தது. இப்பொழுது காசு கொடுப்போர் எவரும் பிரபுவின் உணவை உண்ணலாமென்றாயிற்று. 1900இல் மிஷெலின் என்னும் ரயர்க் கொம்பனி மோட்டார் வண்டிக்காரருக்காக வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம், பிற்காலத்தில் உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் நடுவராயிற்று. லுவார் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டிலும், பிரெஞ்சு மக்களின் விருந்து முறையை 2010ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ உலக மரபுகளிற் சேர்த்துக்கொண்டது. உறவினரும் நண்பரும் கூடியமர்ந்து, முன்னுணவு, மீன் அல்லது இறைச்சி, பாற்கட்டி, இனிப்பு என முறையாக உண்டு உரையாடும் வழக்கமே அதில் மதிக்கப்பெற்றது.

இன்று பாரிசின் உணவுச்சாலைகளில் இந்தக் கதைக்கு நம்மவரும் உரியராகிவிட்டனர். 1980களுக்குப் பின் இலங்கையை விட்டுச் சென்று பிரான்சில் அடைக்கலம் புகுந்த தமிழருட் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை, உணவுச்சாலைக் குசினியில் கோப்பை கழுவுவதே. பின்னர் காய்கறி நறுக்கி, அடுப்படிக்கு உயர்ந்து, பிரெஞ்சு உணவைத் தேர்ந்து சமைப்போராகச் சிலர் விளங்குகின்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே படித்த பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆகவே பிரான்சுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் மாளிகைகளைக் கண்டு மகிழுங்கள். நல்ல விருந்தையும் சுவைத்துப் பாருங்கள். மேல் மண்டபத்திலே நிற்கும்பொழுது கீழுள்ள குசினியையும் நினைத்துக்கொள்ளுங்கள். உணவு மேசையில் ஒரு தட்டு வரச் சற்றுத் தாமதமாயின், முகஞ் சுளியாது பொறுத்திருங்கள். மீன் எப்படியும் வந்து சேரும்.