கோப்பை கழுவுகிறவர்களும் பேப்பர் திருத்துகிறவர்களும்

2018 மார்ச்சில் யோர்க் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர்களும் ஒப்பந்த விரிவுரையாளர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் 143 நாட்கள் நீடித்தது. அந்த நாட்களில் நாங்கள் மார்க்கத்துச் சமையலறைகளில் கொத்து அடித்துக்கொண்டும் கோப்பை கழுவிக்கொண்டும் இருந்தோம். சாப்பாடு எடுக்க வந்த பெற்றோர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: "மணித்தியாலத்துக்கு நாப்பது டொலராம், அதுக்கு மேலயும் கேக்கினம். எங்கட பிள்ளையளின்ர வருசமெல்லோ போகுது!"

எங்களில் பலரும் ஆமென்று தலையாட்டினோம். இன்று அதற்காக வெட்கப்படுகிறோம்.

நாங்களும் பல்கலைக்கழக வாசலைக் கண்டவர்கள்தான். யுத்தம் குறுக்கே வந்ததால் பட்டம் பாதியில் நின்றது. ஊரில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் தேறியவரைத் துறை தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுக்கும். சில மாத ஒப்பந்தம். அது நீளுமா என்பது பெறுபேற்றோடு பேராசிரியரின் முகத்தையும் பொறுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதிரைக்கு நாங்களும் ஆசைப்பட்டோம். அவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இங்கே மட்டும் கேட்கிறார்களா? கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, படிப்புச் செலவுக்கான உதவித்தொகையின் ஒரு பங்காகக் கற்பித்தல் வேலையும் வாக்களிக்கப்படுகிறது. பிறகு எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்துத் துறை ஆட்களைப் பங்கிடுகிறது. தன் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத பாடம் ஒருவர் தலையில் விழலாம். பயிற்சி என்பது பெரும்பாலும் சில மணித்தியாலங்களோடு முடிகிறது. எங்கள் சமையலறையில் புதிதாக வந்த தம்பியை முதல்நாளே தோசைக்கல்லில் விடமாட்டோம். முதலாம் வருடப் பிள்ளைகளின் வகுப்பில் புதியவரை அப்படித்தான் விடுகிறார்கள். இது அந்த இளைஞரின் குற்றமல்ல. அவரும் பயந்துகொண்டுதான் நிற்கிறார்.

அந்த நாற்பது டொலர்க் கதையையும் பார்ப்போம். யோர்க்கில் முழு உதவியாளர் பதவி என்பது ஒரு கல்வியாண்டுக்கு 270 மணித்தியாலம். பேப்பர் திருத்தி முடியாவிட்டாலும் கணக்கு அங்கே நின்றுவிடும். 2015 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோதும் மணித்தியாலத்துக்கு 42 டொலர் என்று பேசினார்கள். அங்கே பட்டதாரி மாணவருக்கு அப்போது உறுதி செய்யப்பட்டிருந்த தொகை, படிப்புக் கட்டணம் போக, வருடத்துக்கு 15,000 டொலராகத்தான் இருந்தது. அதற்குள்ளேயே அந்தச் சம்பளமும் அடங்கியிருந்தது. உழைத்த கூலிக்கு உதவித்தொகை என்று பெயர் வைத்தால், கூட்டிக் கேட்பவன் நன்றி கெட்டவனாகிவிடுகிறான். இந்த வித்தை எங்களுக்குப் புதிதா? "விசா இல்லாத நேரம் வேலை தந்தனான்" என்று சொல்லியே மேலதிக மணித்தியாலங்களை விழுங்கிய முதலாளிகளை நாங்கள் கண்டதில்லையா?

ஆகவே பெற்றோரே, உங்கள் கோபம் தப்பான வாசலில் நிற்கிறது. 2018 யூலையில் மாகாண அரசு சட்டம் போட்டு அவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்பியபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டீர்கள். உங்கள் பிள்ளைக்கு யார் கற்பிக்கிறார், எந்தத் தகுதியைப் பார்த்து அந்தப் பாடத்தை அவரிடம் கொடுத்தார்கள், ஒரு பேப்பருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? ரியூஷன் வாத்தியாரை ஊரெல்லாம் விசாரித்துப் பிடிக்கிற நாங்கள், ஆயிரக்கணக்கான டொலர் கட்டுகிற இடத்தில் வாய் திறப்பதில்லை. பல்கலைக்கழகம் என்றால் கோயில் என்ற பழைய பயம்.

வேலைநிறுத்தத்தால் பிள்ளைகள் பட்ட நட்டம் பொய்யல்ல. தொழிற்சங்கத்தில் எல்லோரும் புனிதர்களுமல்ல. சம்பளத்துக்கு நின்ற அளவுக்குப் பயிற்சிக்கும் அவர்கள் நிற்க வேண்டும். ஆனால் மறியல் வரிசையில் குளிரில் நின்றவர்கள் எங்கள் சாதி, உழைப்புச் சாதி. அதைச் சொல்ல எங்களுக்குப் பட்டம் தேவையில்லை.

2024 இல் யோர்க் மார்க்கத்திலேயே ஒரு வளாகத்தைத் திறந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகிற தூரம். அடுத்தமுறை அதன் வாசலில் பதாகையோடு யாராவது நின்றால், சாப்பாட்டுப் பொதியோடு போவோம். போய், கேட்கவேண்டிய கேள்விகளையும் கேட்போம்.